மூன்றாவது கை

தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பவரின் அருகில் உட்கார்ந்து எப்போதாவது கவனித்திருக்கிறீர்களா? கச்சேரி தொடங்க இன்னும் கால் மணி இருக்கும். ஜனங்கள் வந்து உட்கார்ந்துகொண்டிருப்பார்கள். தம்புராக்காரர் தலையைச் சாய்த்துக் காதைத் தீட்டிக்கொண்டு பிருடையைத் திருகுவார். தந்தி மெல்ல மெல்ல ஏறிச் சுருதியைத் தொடும். அப்பாடா என்று கையை எடுப்பார். எடுத்த மறுகணம் பிருடை வழுக்கும்; தந்தி தளர்ந்து அழும். உடனே பையிலிருந்து ஒரு சாக்குக் கட்டி வெளியே வரும். பிருடையை உருவி, சாக்கைத் தேய்த்து, மறுபடி செருகுவார். மழைக்காலமாக இருந்தால் நேர்மாறான தொல்லை. மரம் ஈரத்தில் ஊறி இறுகிப் போயிருக்கும். திருகினால் அசையாது, பலமாகத் திருகினாலும் அசையாது, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினால் ஒரேயடியாகத் துள்ளிச் சுருதியைத் தாண்டி எங்கேயோ போய் நிற்கும். சில சமயம் தந்தியே அறுந்துவிடும்.

இந்தத் தம்புரா விவகாரம் எனக்கு ஞாபகம் வந்த இடம் சங்கீத சபை அல்ல. தரைக்கு மேலே இரண்டாயிரம் அடி உயரத்தில், ஒரு சின்னஞ்சிறு ஆகாய விமானத்துக்குள் உட்கார்ந்திருந்தபோதுதான்.

நாவலில் ஒரு விமானியைக் கொண்டுவந்துவிட்டு, விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாமல் நான் விழித்துக்கொண்டிருந்த சமயம் அது. பறக்கக் கற்றுக்கொடுக்கும் இளைஞர் ஒருவர் நண்பர் மூலமாகப் பழக்கமானார். "புஸ்தகத்தைப் பார்த்து எழுதாதீங்க சார், ஒரு தரம் வந்து உட்கார்ந்து பாருங்க" என்று அழைத்தார். போனேன். செஸ்னா 152 என்ற விமானம். இரண்டு பேர்தான் உட்காரலாம். அதிலும் இருவர் தோளும் உரசும். இதற்குள் போய் மாட்டிக்கொள்வதா என்று நான் யோசிப்பதற்குள் அவர் கதவைச் சாத்திவிட்டார்.

புறப்படுமுன் அவர் பல காரியங்கள் செய்தார். அவற்றில் ஒன்று மட்டும் என் கண்ணில் பட்டது. எதிரே இருந்த பலகையில் ஒரு கறுப்புக் குமிழ் நீட்டிக்கொண்டிருந்தது. அதை உள்ளே தள்ளினால் எஞ்சின் உறுமும். வெளியே இழுத்தால் அடங்கும். அந்தக் குமிழின் தண்டு பலகையைவிட்டு வெளிவரும் இடத்தில், நெல்லிக்காய் அளவுகூட இல்லாத ஒரு வட்டத் திருகு. அதை இரண்டு விரல்களால் கொஞ்சம் முறுக்கினார், குமிழை அசைத்துப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் முறுக்கினார், திருப்தியாகத் தலையசைத்துக்கொண்டார். தம்புராக்காரர் தலையசைப்பது போலவேதான்.

"அது என்ன?" என்றேன்.

"இதுவா சார்? உராய்வுத் திருகு. எனக்கு இது மூணாவது கை" என்றார்.

மேலே போன பிறகு அந்த வார்த்தைக்கு அர்த்தம் புரிந்தது. அவர் குமிழிலிருந்து கையை எடுத்தார். தேசப்படத்தை விரித்தார், தொடை மீது கட்டியிருந்த காகிதத்தில் ஏதோ குறித்தார், காதில் மாட்டியிருந்த கருவியைச் சரி செய்தார். அத்தனை நேரமும் குமிழ் விட்ட இடத்தில் நின்றது. பிறகு, "இப்போ பாருங்க" என்று சொல்லித் திருகைத் தளர்த்தினார். கண்ணுக்குத் தெரியாத யாரோ ஓர் ஆசாமி இழுப்பது போலக் குமிழ் தானாக, மெதுவாக, வெளியே நகர்ந்து வந்தது. எஞ்சினின் சப்தம் இறங்கியது. அதற்கு முன்பே என் வயிறு இறங்கிவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே குமிழைத் தள்ளித் திருகை முறுக்கினார். "இவ்வளவு உயரத்தில் இது விளையாட்டு. ரன்வேயை விட்டுக் கிளம்பி இருநூறு அடியில் இப்படி ஆனா விளையாட்டு இல்லை" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தத் திருகு என்னை விடவில்லை. நாவலை மூட்டை கட்டி வைத்துவிட்டு அதன் பூர்வோத்தரத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இவ்வளவு சின்னச் சாமானுக்கு இவ்வளவு பெரிய சரித்திரம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

முதலில் அந்தக் குமிழ் என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அதற்கு 'த்ராட்டில்' என்று பெயர். சில விமானங்களில் குமிழாக இருக்கும். சிலவற்றில் நெம்புகோல் போன்ற பிடியாக இருக்கும். அது ஒரு கம்பி மூலமாக எஞ்சினில் உள்ள ஒரு வட்டத் தகட்டோடு சேர்ந்திருக்கிறது. அந்தத் தகடு திரும்பித் திறந்தால் காற்றும் பெட்ரோலும் அதிகமாக உள்ளே போகும், மூடினால் குறையும். காரில் காலால் மிதிப்பதை இதில் கையால் தள்ளுகிறோம். காரில் மிதியிலிருந்து காலை எடுத்தால் வேகம் குறைய வேண்டும், அது நல்லது. விமானத்தில் கையை எடுத்ததும் வேகம் குறைந்தால் அது ஆபத்து. எஞ்சினோ சும்மா இருப்பதில்லை. இடைவிடாமல் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. அந்த அதிர்ச்சியில் பிடி கொஞ்சம் கொஞ்சமாக நகரும். அதை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளத்தான் திருகு.

1903 டிசம்பர் 17-ஆம் தேதி ஆர்வில் ரைட் முதன்முதலாகப் பறந்தபோது இந்தப் பிரச்னையே எழவில்லை. பறக்கும்போது கூட்டவும் குறைக்கவும் இன்று நாம் காணும் மாதிரி பிடி எதுவும் அதில் கிடையாது. கீழ்ச் சிறகின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு 12 விநாடி நேரத்தில் 120 அடி தூரம் போனார். 12 விநாடியில் எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது!

முதல் உலக யுத்தத்தின்போது விமானிகளுக்குக் கிடைத்த எஞ்சின்கள் விசித்திரமானவை. அவற்றில் பல சுழல் எஞ்சின்கள். இந்த ஜாதியில் எஞ்சின் முழுவதுமே முன்விசிறியோடு சேர்ந்து கிறுகிறுவென்று சுற்றும். பிரெஞ்சுக்காரர்களின் 'நோம்' எஞ்சினை நிதானப்படுத்த விமானி செய்ய வேண்டியதைக் கேட்டால் சிரிப்பு வரும். கையிலுள்ள கோலில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் தீப்பொறி நின்று எஞ்சின் ஊமையாகும். விட்டால் மறுபடி பிடித்துக்கொள்ளும். இப்படி அழுத்தி அழுத்தி விட்டுத்தான் தரையில் இறங்குவார்கள். தீப்பொறி நின்ற நேரத்திலும் பெட்ரோல் வந்து தேங்கும். மறுபடி பொறி விழும்போது சில சமயம் அது பற்றிக்கொள்ளும். அப்போது சிரிப்பு நின்றுவிடும்.

பொத்தானுக்குப் பதிலாகப் பிடிகள் வந்தபோதும் நிம்மதி வரவில்லை. 1917-இல் போர்முனைக்கு வந்த 'சாப்வித் கேமல்' என்ற ஆங்கிலேய விமானம் எதிரிகளுக்கு எவ்வளவு பொல்லாததோ, தன் சொந்தப் பிள்ளைகளுக்கும் அவ்வளவு பொல்லாதது. அதில் காற்றுக்கு ஒரு பிடி, பெட்ரோலுக்கு ஒரு பிடி. தரையை விட்டுக் கிளம்பிய உடனே பெட்ரோல் பிடியை நுணுக்கமாகக் குறைத்துச் சரி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். முட்டினால் விமானம் தடுமாறிச் சுழன்று விழும். பயிற்சிக்கு வந்த இளைஞர்கள் பலர் எதிரியின் முகத்தையே பார்க்காமல் இப்படி மடிந்தார்கள். கண் முன்னால் தரை ஓடுகிறது. வலது கையில் அடங்காப்பிடாரியான கோல். இடது கை மயிரிழை அளவுக்கு ஒரு பிடியை நகர்த்த வேண்டும். பதினெட்டு வயதுப் பையன் என்ன செய்வான்?

யுத்தத்துக்குப் பிறகு, பறப்பது சாமானியர்களின் பொழுதுபோக்காக மாறியது. 1925-இல் டி ஹாவிலண்ட் கம்பெனியின் 'மாத்' விமானம் வந்தது. 1931-இல் அதன் தம்பி 'டைகர் மாத்'. இவற்றில் எஞ்சின் நின்ற இடத்தில் நின்றது. முன்விசிறி மட்டும் சுழன்றது. த்ராட்டிலும் ஒழுங்கான பிடியாக, இடது கைக்கு வாகாக அமைந்தது. இப்படிப்பட்ட ஒரு மாத்தில்தான் 1930 மே மாதம் எமி ஜான்ஸன் என்ற இருபத்தாறு வயதுப் பெண் லண்டனை அடுத்த கிராய்டனிலிருந்து ஆஸ்திரேலியாவிலுள்ள டார்வினுக்குத் தன்னந்தனியாகப் பறந்து வந்தாள். மே 5-ஆம் தேதி புறப்பட்டு 24-ஆம் தேதி சேர்ந்தாள். நடுவில் கராச்சி, ஜான்சி, கல்கத்தா என்று நம் தேசத்தின் மேலேயும் வந்தாள். அதற்கு முன் அவள் தனியாகப் பறந்ததில் நீண்ட பிரயாணம் லண்டனிலிருந்து தன் சொந்த ஊரான ஹல் வரைக்கும்தான். திறந்த விமானத்தில், காற்று முகத்தில் அறைய, நாள்தோறும் மணிக்கணக்காகப் பறக்க வேண்டும். தேசப்படத்தைப் பார்ப்பதற்கும் ஏதாவது தின்பதற்கும் கை வேண்டாமா? தூர தேசப் பிரயாணம் என்று ஒன்று வந்தவுடனே, பிடி சொன்ன இடத்தில் நிற்க வேண்டும் என்பது சௌகரியமாக இல்லை, அவசியமாகிவிட்டது.

ஆனாலும் அந்தத் திருகு உயிருக்கும் சாவுக்கும் நடுவே வந்து நின்றது 'ஸ்பிட்ஃபயர்' விமானத்தில். 1936 மார்ச் 5-ஆம் தேதி அது முதலில் பறந்தது. 1938 ஆகஸ்டில் டக்ஸ்ஃபோர்ட் விமான தளத்திலிருந்த 19-ஆவது ஸ்க்வாட்ரனுக்கு வந்து சேர்ந்தது. அதுவரை இரட்டைச் சிறகும் மடங்காத சக்கரமும் கொண்ட விமானங்களை ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அது புதுப்பெண் மாதிரி. பார்க்க அழகு, சுபாவம் இனிமேல்தான் தெரிய வேண்டும்.

ஒரே ஒரு சங்கடம். பறக்க ஆரம்பித்ததும் சக்கரங்களை மடித்து உள்ளே இழுக்க வேண்டும். ஆரம்ப கால ஸ்பிட்ஃபயர்களில் இதற்கு ஒரு கை பம்பு. அதை வைத்த இடம் விமானியின் வலது பக்கம். த்ராட்டில் இருப்பதோ இடது பக்கம். விமானத்தைச் செலுத்தும் கோல் நடுவில்.

இப்போது அந்த விமானியின் இடத்தில் உங்களை வைத்துக்கொள்ளுங்கள். இடது கை த்ராட்டிலை முழுக்க முன்னே தள்ளியிருக்கிறது. வலது கை கோலைப் பிடித்திருக்கிறது. ஆயிரம் குதிரை பலம் கொண்ட எஞ்சின் உங்கள் காலடியில் அலறுகிறது. சக்கரம் தரையை விட்டுவிட்டது. இனி இடது கையை த்ராட்டிலிலிருந்து எடுக்க வேண்டும். அந்தக் கையால் கோலைப் பிடிக்க வேண்டும். வலது கையை விடுவித்துப் பம்பை அடிக்க வேண்டும். அடிக்கிறீர்கள். ஒரு கை முன்னும் பின்னும் போனால் மற்றக் கை சும்மா இருக்குமா? உங்களை அறியாமல் அதுவும் கூடவே அசைகிறது. கோல் அசைய, விமானம் மூக்கைத் தூக்குகிறது, தாழ்த்துகிறது, தூக்குகிறது, தாழ்த்துகிறது. தரையிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஏற்றம் இறைப்பது போலத் தெரியும். புதிதாக ஸ்பிட்ஃபயர் ஓட்டுகிறவனை இந்த ஏற்றத்தை வைத்தே அடையாளம் கண்டு சிரிப்பார்களாம்.

சிரிக்க முடியாத பகுதி ஒன்று இதில் இருந்தது. இந்த ஏற்றம் இறைக்கிற நேரம் முழுவதும் த்ராட்டிலைப் பிடிக்க ஆள் இல்லை. புறப்படுமுன் உராய்வுத் திருகை முறுக்க மறந்திருந்தால், பிடி தானாகப் பின்னுக்கு வழுக்கும். சக்கரம் பாதி மடங்கி நிற்க, மூக்கு மேலே நோக்க, எஞ்சினின் பலம் கரையும். திரும்ப த்ராட்டிலைப் பிடிக்க வேண்டுமானால் கோலை மறுபடி கை மாற்ற வேண்டும். சற்றுப் பிந்தி எஞ்சினிலேயே பம்பை இணைத்துவிட்டார்கள். கையால் அடிக்கும் வேலை போயிற்று. ஆனால் சக்கரத்தை மடிக்கும் விசை வலது பக்கத்திலேயே இருந்துவிட்டது. கை மாற்றுவதும் போகவில்லை. திருகை முறுக்குவதும் போகவில்லை. இன்றைக்கும் காட்சிகளில் பழைய ஸ்பிட்ஃபயர்களை ஓட்டுகிறவர்களுக்கு இது பாலபாடம்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. இவ்வளவு அழகான விமானத்தை உருவாக்கிய மகாமேதைகளுக்கு மனிதனுக்கு இரண்டு கைதான் என்பது தெரியாதா? தெரியாமல் என்ன! ஆளை உள்ளே திணித்த பிறகு மிஞ்சுகிற இடத்தில் எது எங்கே நுழையுமோ அங்கே நுழைத்திருக்கிறார்கள். நம் வீட்டுச் சமையலறையைக் கட்டுகிற கொத்தனாரும் அப்படித்தான் செய்கிறார். சமைக்கிறவர்கள் பிற்பாடு பழகிக்கொள்கிறார்கள்.

நம் பக்கத்துக்கும் இதில் ஒரு சிறு சம்பந்தம் உண்டு. இரண்டாவது உலக யுத்தத்தில் விமானம் வாங்கச் சென்னை ராஜதானியில் பணம் திரட்டி அனுப்பினார்கள். அதற்கு நன்றியாகப் பிரிட்டிஷ் விமானப் படையின் சில ஸ்க்வாட்ரன்களுக்கு 'மதறாஸ் பிரஸிடென்ஸி' என்று பெயர் சேர்த்தார்கள். அவற்றில் ஒன்றான 234-ஆவது ஸ்க்வாட்ரன் 1940-இல் ஸ்பிட்ஃபயர்களை ஓட்டிப் போரிட்டது. அந்த நிதிக்கு ஒரு ரூபாய் கொடுத்த நம் ஊர்க் குமாஸ்தாவுக்கு உராய்வுத் திருகைப் பற்றி என்ன தெரிந்திருக்கும்?

போர்முனைக்குப் போகிற விமானி ஒரே ஜாதி விமானத்தை ஓட்டுகிறான். அதன் குணம் அவனுக்கு விரல் நுனியில் பழகிவிடுகிறது. பழக வழியே இல்லாதவர்கள் வேறு சிலர் இருந்தார்கள். தொழிற்சாலையிலிருந்து விமானங்களைத் தளங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் 'ஏர் டிரான்ஸ்போர்ட் ஆக்ஸிலியரி' என்ற அமைப்பினர். 1940 ஜனவரியில் பாலின் கோவர் என்ற பெண்மணியின் தலைமையில் எட்டுப் பெண்கள் இதில் சேர்ந்தார்கள். முதலில் அவர்களுக்குக் கொடுத்தது டைகர் மாத் மட்டும். குளிர்காலத்தில் திறந்த விமானத்தில் ஸ்காட்லாந்து வரை நடுங்கிக்கொண்டே போய்ச் சேர்த்தார்கள். பிற்பாடு ஸ்பிட்ஃபயர் வந்தது. நான்கு எஞ்சின் விமானங்கள்கூட வந்தன. யுத்தம் முடிவதற்குள் 168 பெண்கள் இதில் பறந்திருந்தார்கள். எமி ஜான்ஸனும் அவர்களில் ஒருத்தி. 1941 ஜனவரி 5-ஆம் தேதி ஒரு விமானத்தைக் கொண்டுபோகும்போது தேம்ஸ் நதி முகத்துவாரத்தில் விழுந்து இறந்தாள்.

இவர்கள் காலையில் ஒரு ஜாதி விமானம், மத்தியானம் வேறு ஜாதி என்று ஓட்டினார்கள். சில சமயம், அதற்கு முன் கண்ணால் கண்டிராத விமானத்தில் ஏறி உட்கார்ந்து, கையடக்கமான ஒரு குறிப்புப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டியிருக்கும். எந்தப் பிடி எந்தப் பக்கம், எந்தத் திருகு எங்கே என்பதெல்லாம் அந்தச் சீட்டுகளில் இருந்தது. புறப்படுமுன் சரிபார்க்க வேண்டியவற்றை ஒரு வரிசையாக மனப்பாடம் செய்து, பூஜை மந்திரம் போல ஒவ்வொரு தரமும் வாய்விட்டுச் சொல்லுவது விமானிகளின் வழக்கம். ஆங்கிலேய முறையில் பயின்றவர்களின் இந்த வரிசையில் த்ராட்டில் உராய்வுக்கும் இடம் உண்டு.

இந்த மந்திரத்தையும் பொய்யாக்கிய ஒரு வேடிக்கை நடந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அமெரிக்காவில் கர்ட்டிஸ் கம்பெனியிடம் சண்டை விமானங்கள் வாங்க ஏற்பாடு செய்திருந்தார்கள். 1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்தது. சேர வேண்டிய விமானங்கள் இங்கிலாந்துக்கு வந்தன. ஏறிப் பார்த்தால் த்ராட்டில் தலைகீழ்! அந்தக் காலத்துப் பிரெஞ்சு வழக்கப்படி, பிடியைப் பின்னால் இழுத்தால் வேகம் கூடும். முன்னால் தள்ளினால் குறையும். ஆங்கிலேய விமானிக்கு ஆபத்தில் கை தானாக முன்னால்தானே தள்ளும்? அவற்றை மாற்றி அமைத்து, 'மோஹாக்' என்று பெயரிட்டு உபயோகித்தார்கள். அவற்றில் சில நம் தேசத்தின் கிழக்கு எல்லையில் பர்மா யுத்தத்திலும் பறந்தன.

உராய்வு என்ற சங்கதியைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்ல வேண்டும். இதன் விதிகளை 1699-இல் பாரிஸிலிருந்த விஞ்ஞான சபையில் அமோந்தோன் என்பவர் எடுத்துச் சொன்னார். ஒன்றோடொன்று உரசும் பொருள்களை எவ்வளவு பலமாக அழுத்துகிறோமோ அவ்வளவு உராய்வு. உரசும் பரப்பு பெரிதா சிறிதா என்பதில் காரியம் இல்லை. நெல்லிக்காய்த் திருகு போதுமானதாக இருப்பது இதனால்தான். இரண்டு தலைமுறைக்குப் பிறகு கூலோம் என்ற பிரெஞ்சு ராணுவ எஞ்சினீயர் இதை மேலும் ஆராய்ந்தார். ஓடிக்கொண்டிருக்கும் பொருளின் உராய்வைவிட, நின்றிருக்கும் பொருளை அசைக்கும்போது எதிர்க்கிற உராய்வு அதிகம். மழைக்காலத்துப் பிருடை ஏன் துள்ளுகிறது என்பதற்கு இதுதான் காரணம். இறுகின த்ராட்டிலும் அப்படியே. தரையிறங்கும்போது ஓர் இழை அளவு கூட்ட வேண்டும், தள்ளினால் அசையாது, பலமாகத் தள்ளினால் விரற்கடை தூரம் பாயும்.

ஆகவே முறுக்கிவிட்டு நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. புறப்படும்போது நன்றாக முறுக்க வேண்டும். வேறு விமானத்தோடு சேர்ந்து அணிவகுத்துப் பறந்தால், விநாடிக்கு விநாடி கூட்டிக் குறைக்க வேண்டியிருப்பதால் தளர்த்த வேண்டும். இறங்கும்போதும் தளர்த்த வேண்டும். எவ்வளவு என்று எந்தப் புத்தகமும் அளந்து சொல்லவில்லை. விரல்தான் சொல்ல வேண்டும்.

யுத்தத்துக்குப் பிறகு வந்த சிறு விமானங்களில் செஸ்னா கம்பெனியார் கையாண்ட முறை மிக எளிமையானது. 1956-இல் சந்தைக்கு வந்த அவர்களுடைய 172 என்ற நான்கு பேர் விமானம் நாற்பதாயிரத்துக்கும் மேல் உற்பத்தியானது. அதிலும் பலகையில் குமிழ், குமிழின் அடியில் வட்டத் திருகு. முறுக்க முறுக்க, தண்டைச் சுற்றியுள்ள பிளவுபட்ட வளையம் அதை நெருக்கிப் பிடிக்கும். அவ்வளவுதான் சூத்திரம். வருஷக்கணக்கில் நெருக்கி நெருக்கி அந்த வளையம் தேய்ந்துபோனால் எவ்வளவு முறுக்கினாலும் பிடிக்காது. குமிழ் இறுக்கமாக இருக்கிறதே என்று யாராவது புண்ணியவான் இரக்கப்பட்டு அதில் எண்ணெய் விட்டாலும் இதே கதிதான்.

இன்னொரு விநோதம். ஆஸ்திரியாவில் செய்கிற ரோடாக்ஸ் 912 என்ற சிறு எஞ்சின் இக்காலத்து இலகு விமானங்கள் பலவற்றில் இருக்கிறது. அதன் த்ராட்டில் தகட்டை ஒரு வில்கம்பி எப்போதும் முழுக்கத் திறக்கும் பக்கமே இழுத்துக்கொண்டிருக்கும். நடுவானில் கம்பி அறுந்து போனால் எஞ்சின் அடங்கிவிடாமல் முழுப் பலத்தோடு ஓட வேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல யோசனைதான். ஆனால் இதில் திருகு தளர்ந்திருந்தால் பிடி பின்னுக்கு வராது, முன்னே போகும். எஞ்சின் தானாக உறுமிக்கொண்டு வேகம் பிடிக்கும். விமானம் தரையில் நிற்கும்போது, விமானி கை எடுத்த நேரத்தில் இது நடந்தால் எதிரே இருப்பவர் கதி என்ன? ஸ்பிட்ஃபயர் பையனுக்குப் பலம் கரைந்துவிடும் என்று பயம். இங்கே பலம் பெருகிவிடும் என்று பயம். இரண்டுக்கும் மருந்து ஒரே திருகு.

இதையெல்லாம்விட என்னை அதிகமாக யோசிக்க வைத்தது, இந்தத் திருகு தேவையே இல்லாத ஒரு விமானம். ஏர்பஸ் ஏ320 என்ற பெரிய பிரயாணி விமானம் 1987-இல் முதலில் பறந்தது; 1988-இல் சேவைக்கு வந்தது. அதில் விமானியின் பிடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே கம்பியே கிடையாது. மின்சார சமிக்ஞைதான் போகிறது. எஞ்சின் பிடியை அசைக்க வழியில்லை. பிடியைத் தள்ளினால் எதிர்ப்பே இல்லாமல் காற்றில் கை வீசுவது போல இருக்கும். விமானியின் கைக்கு அது ஒத்துக்கொள்ளுமா? ஆகவே பிடிகளுக்குக் கீழே ஒரு தனி யந்திரத்தை வைத்தார்கள். அதற்கு வேலை, இல்லாத உராய்வை உண்டாக்கித் தருவது. அந்த உராய்வைக் கூட்டவும் குறைக்கவும் அதில் ஒரு திருகும் வைத்திருக்கிறார்கள்! ஆனால் அது விமானியின் விரலுக்கு எட்டாது. தரையில் இருக்கிற மெக்கானிக்குத்தான் எட்டும்.

அன்றைக்கு நாங்கள் இறங்கிய கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ரன்வே கண்ணில் பட்டதும் அந்த இளைஞர் திருகைக் கொஞ்சம் தளர்த்தினார். அதன் பிறகு அவருடைய கை குமிழை விட்டு ஒரு கணமும் அகலவில்லை. விமானம் நின்று, முன்விசிறி நின்று, காதில் திடீரென்று நிசப்தம் வந்து அடைத்துக்கொண்டது. இறங்குவதற்கு முன் அவர் மறுபடி கை நீட்டித் திருகை முழுக்கத் தளர்த்திவிட்டார்.

"ஏன், இப்படியே விட்டுவிட்டால் என்ன?" என்று கேட்டேன்.

"சாயங்காலம் வேற ஒருத்தர் எடுத்துண்டு போறார், சார். என் முறுக்கு அவர் கைக்குச் சரிப்படாது" என்றார்.